சுரைக்கொடியும் ஆமணக்கும்: இறைவெளிப்பாடு, மனித அறிவு, மொழிபெயர்ப்பு



கிறித்தவச் சிந்தனைக்கு அடித்தளமான கருத்துகளுள் ஒன்று இறைவெளிப்பாடு. மனிதன் தன் முயற்சியால் எட்ட இயலாத ஒன்றை இறைவன் தாமே முன்வந்து அறியத் தருகிறார் என்பது அதன் பொருள். கிரேக்கத்தில் இதற்கு வழங்கும் ‘அப்பொகலுப்சிஸ்’ என்னும் சொல், மூடியிருப்பதை அகற்றுதலைக் குறிக்கும். இலத்தீனின் ‘ரெவெலாத்சியோ’ என்பதற்குள் திரையைக் குறிக்கும் ‘வேலும்’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே அதனைத் திரைவிலக்கம் என்று பெயர்க்கலாம். தமிழ் விவிலியத்தின் இறுதி நூலைச் சீர்திருத்தச் சபையார் ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்பர். கத்தோலிக்கர் ‘திருவெளிப்பாடு’ என்பர். முன்னது பிறவினை, வெளிப்படுத்துபவர் ஒருவர் உண்டு என்பதை வினையே காட்டிவிடுகிறது. பின்னது ‘வெளிப்படு’ என்னும் தன்வினையினின்று பிறந்த பெயர். நிகழ்ச்சியை முன்னிறுத்தி, செய்பவரைக் குறிப்பாக விடுகிறது.

திரை விலகினாலும் பார்ப்பவனுக்குக் கண் வேண்டும். இறைவன் பேசினாலும் கேட்பவன் தன் மொழியில்தான் கேட்கிறான். அம்மொழியில் சில பொருள்களுக்குப் பெயர் உண்டு, சிலவற்றிற்கு இல்லை. அப்படியானால் இறைவன் சொன்னது எங்கே முடிகிறது, மனிதன் விளங்கிக்கொண்டது எங்கே தொடங்குகிறது? இக்கேள்வியை இறையியலார் பதினாறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகின்றனர். மொழியியல் பயின்ற நான் அதனை ஒரு செடியின் பெயரைக் கொண்டு அணுக விரும்புகிறேன். அச்செடியின் பெயரால் ஓர் ஊரில் கலகமே எழுந்தது. கிறித்தவ உலகின் இருபெரும் அறிஞர்கள் ஒருவரோடொருவர் வழக்காடினர். அவ்வழக்கைப் புரிந்துகொண்டால் கேள்வியின் முழு ஆழமும் புலப்படும்.

ஓயெயா நகரில் எழுந்த கலகம்

இன்றைய லிபியாவின் தலைநகரான திரிப்பொலி, உரோமர் காலத்தில் ஓயெயா எனப்பட்டது. அந்நகரத் திருச்சபையில் நிகழ்ந்த ஒன்றை, வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீன், கி.பி. 403ஆம் ஆண்டளவில் பெத்லகேமிலிருந்த ஜெரோமுக்கு எழுதிய மடலில் தெரிவிக்கிறார். எபிரேய மூலத்திலிருந்து ஜெரோம் நேராக இலத்தீனில் பெயர்த்த திருமறையை அந்நகர ஆயர் வழிபாட்டில் வாசிக்கச் செய்தார். யோனாவின் நூல் வாசிக்கப்பட்டபோது ஒரு சொல் மக்கள் காதில் உறுத்தியது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் பாடியும் நெஞ்சில் பதிந்திருந்த சொல் அங்கே இல்லை. வேறொரு சொல் இருந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். கிரேக்க மொழியினர் இது பொய்ப்பெயர்ப்பு என்று முழங்கினர். ஆயர் ஊரிலிருந்த யூதரிடம் கேட்க வேண்டியதாயிற்று. கிரேக்க, இலத்தீன் படிகளில் உள்ளதே எபிரேயத்திலும் உள்ளது என்று அவர்கள் கூறியதாக அகுஸ்தீன் எழுதுகிறார். தம் மந்தையை முழுவதும் இழந்துவிட நேருமோ என்று அஞ்சிய ஆயர், பழைய சொல்லையே மீண்டும் அமைத்தார்.

எந்தச் சொல் என்று அகுஸ்தீன் குறிப்பிடவில்லை. மறுமொழி எழுதிய ஜெரோம் அக்குறையைச் சுட்டிக்காட்டி, முன்னரே ஒருவர் தம்மீது குற்றம் சாட்டிய அதே சொல்லாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார். நினிவே நகருக்கு வெளியே வெயிலில் அமர்ந்திருந்த யோனாவுக்கு நிழல் தர இறைவன் முளைப்பித்த செடியின் பெயர் அது. எபிரேய மூலத்தில் அது ‘கிக்காயோன்’. எபிரேயத் திருமறையில் யோனாவின் நூலன்றி வேறெங்கும் அச்சொல் வருவதில்லை. ஒரே நூலில் மட்டும் வரும் சொல்லுக்குப் பொருள் காண்பது எத்துணைக் கடினம் என்பதைச் சங்கப் பாடல்களில் அருஞ்சொற்களோடு போராடிய நம் உரையாசிரியர்கள் நன்கறிவர்.

பழைய கிரேக்கப் பெயர்ப்பு அதனைச் சுரை என்றது. அதைப் பின்பற்றிய பழைய இலத்தீன் படிகளும் சுரை என்றன. ஜெரோம் ‘ஹெடெரா’ என்று எழுதினார். ஐவி எனப்படும் மேலைநாட்டுப் படர்கொடியின் இலத்தீன் பெயர் அது. செடி எது என்று அவர் அறியாதவரல்லர். அது பாலத்தீனத்தின் மணற்பாங்கான இடங்களில் மிகுதியாக முளைக்கும். இலைகள் திராட்சை இலைபோல் அகன்றிருக்கும். விதை விழுந்த சில நாளில் புதராகிவிடும். கொழுகொம்பு வேண்டாமல் தன் தண்டிலேயே நிற்கும் என்று தம் யோனா உரையில் விளக்கியுள்ளார். அவர் விளக்கும் செடி நம் ஆமணக்கு என்பதில் ஐயமில்லை. எகிப்தியர் ஆமணக்கெண்ணெயைக் ‘கிக்கி’ என்று வழங்கியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோத்தசும் குறித்திருக்கிறார். ‘கிக்காயோன்’ என்பதற்கும் அதற்கும் உள்ள ஒலியுறவைப் பிற்கால அறிஞர் எடுத்துக்காட்டுவர்.

ஆயினும் இலத்தீனில் அச்செடிக்குப் பெயர் இல்லை என்று ஜெரோம் கருதினார். எபிரேயச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்து வைத்தால் எவருக்கும் விளங்காது. சுரை என்று எழுதினால் மூலத்தில் இல்லாததை எழுதியதாகும். எனவே தமக்கு முன்னிருந்த வேறு சில கிரேக்கப் பெயர்ப்பாளர்களைப் பின்பற்றி ஐவிக்கொடி என்று வைத்தார். அதாவது, தவறான பழைய சொல்லை நீக்கி, முழுச்சரியல்லாத புதிய சொல்லை அறிந்தே வைத்தார். மொழிபெயர்ப்பில் கைபழகியவர் எவரும் இந்நிலையைக் கண்டு வியப்படையார்.

பெயர்த்தவர் இறைவாக்கினரா, புலவரா?

ஒரு செடியின் பெயருக்காக இத்துணைக் கலகம் ஏன்? கிரேக்கப் பெயர்ப்பின் தகுதி பற்றிய நம்பிக்கையே அதற்குக் காரணம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் யூதர்களின் திருச்சட்ட நூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. எழுபத்திருவர் எழுபத்திரண்டு நாளில் அதனை முடித்தனர் என்பது அரிஸ்தெயாவின் மடல் என்னும் பழைய நூல் கூறும் செய்தி. எழுபதின்மர் பெயர்ப்பு என்னும் பெயர் அதனால் வந்தது. பின்னர் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட பிற நூல்களையும் அப்பெயர் தழுவிக்கொண்டது. முதல் நூற்றாண்டின் யூத மெய்யியலாரான பிலோ, பெயர்த்தவர் அனைவரும் கண்ணுக்குப் புலப்படாத ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியதுபோல் ஒரே சொற்களை எழுதினர் என்றார். தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டும் அவர்களுடைய பெயர்ப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன என்று கதை மேலும் வளர்ந்தது.

இக்கதையை ஜெரோம் ஏற்கவில்லை. திருச்சட்ட நூல்களின் பெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், தனியறைகள் பற்றிய செய்தி பொய் என்றும், அப்பெரியோர் ஒன்றுகூடிக் கலந்தாய்ந்தே எழுதினர் என்றும் கூறுகிறார். இறைவாக்கினராக இருப்பது வேறு, மொழிபெயர்ப்பாளராக இருப்பது வேறு என்று அவர் அங்கே வரையறுக்கிறார். இறைவாக்கினரிடம் பேசுவது தூய ஆவி. மொழிபெயர்ப்பாளரிடம் வேலை செய்வது கல்வியும் சொல்வளமும் என்பது அவர் துணிபு. வெளிப்பாடு மூலத்தில் நிற்கிறது. அதற்கு அப்பால் நிகழ்வதெல்லாம் மனித அறிவின் முயற்சி. அம்முயற்சியில் பிழை நேரலாம்; ஆகவே திருத்தலாம்.

அகுஸ்தீன் கோட்டை வேறிடத்தில் வரைந்தார். தம் முதுமையில் எழுதிய ‘கடவுள் நகரம்’ என்னும் நூலின் பதினெட்டாம் பகுதியில், இறைவாக்கினரிடம் இருந்த அதே ஆவி எழுபதின்மரிடமும் இருந்தது என்கிறார். அவர் காட்டும் சான்றும் யோனாவின் நூலிலிருந்தே வருகிறது. நினிவே அழிய இன்னும் நாற்பது நாள் என்கிறது எபிரேயம்; மூன்று நாள் என்கிறது கிரேக்கம். இரண்டும் ஒரே வேளையில் யோனாவின் வாயிலிருந்து வந்திருக்க இயலாது என்பதை அகுஸ்தீன் ஒப்புகிறார். யோனா சொன்னது நாற்பதே என்றும் கருதுகிறார். ஆயினும் மூன்று என்பதும் வீணன்று; அது மூன்றாம் நாளில் கிறித்து உயிர்த்தெழுந்ததைச் சுட்டும் என்பது அவர் விளக்கம். வெளிப்பாடு ஒரே நாளில், ஒரே மொழியில் முடிந்துவிடவில்லை. பெயர்த்தவர் கை வழியாகவும் அது தொடர்ந்தது என்பது இதன் உட்கருத்து.

இவ்விருவருள் ஒருவரைப் பழமைவாதி என்றும் மற்றவரைப் புதுமைவாதி என்றும் எளிதில் முத்திரை குத்திவிடலாம். அவ்வாறு செய்தால் வழக்கின் உயிர்நாடி கைநழுவிவிடும். மூலத்தின் மெய்ம்மையைக் காக்க ஜெரோம் நின்றார். திருச்சபையின் ஒற்றுமையைக் காக்க அகுஸ்தீன் நின்றார். இலத்தீன் சபைகள் ஒன்றையும் கிரேக்கச் சபைகள் மற்றொன்றையும் வாசித்தால் இருசாராரும் பிரிந்துவிடுவர் என்பது அவர் அச்சம். கிரேக்கப் படியில் ஐயம் எழுந்தால் கேட்டறியப் பலர் உளர். எபிரேயத்தில் ஐயம் எழுந்தால் ஜெரோம் ஒருவரைத்தான் கேட்க வேண்டும். ஒருவர் புலமையை மட்டும் நம்பி ஒரு சமூகம் தன் மறையை மாற்றிக்கொள்ளலாமா என்று அகுஸ்தீன் கேட்டதில் பொருளுண்டு.

சொல் கற்பிக்குமா?

பழகிய சொல்லுக்காக வாதாடிய அகுஸ்தீன், சொற்களின் ஆற்றலைப் பெரிதாக மதித்தவரல்லர் என்பது வியப்புக்குரியது. 389ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய ‘ஆசிரியர்’ என்னும் சிறுநூல், தம் மகனோடு நிகழ்த்திய உரையாடலாக அமைந்தது. சொற்கள் தாமாக எதையும் கற்பிப்பதில்லை என்பது அதன் முடிபு. தானியேல் நூலில் வரும் ‘சராபாரே’ என்னும் அருஞ்சொல்லை அவர் எடுத்துக்கொள்கிறார். அச்சொல்லைக் கேட்ட அளவில் அது குறிக்கும் பொருள் விளங்கிவிடுமா? விளங்காது. அது தலையில் அணியும் ஒருவகை உடை என்று எவரேனும் சொன்னாலும், தலையையும் உடையையும் முன்பே கண்டறிந்தவனுக்குத்தான் அவ்விளக்கம் உதவும். பொருளை அறிந்தபின்பே சொல் குறியாகிறது. ஆகவே வெளியிலுள்ள ஆசிரியர் சொற்களால் தூண்டுகிறார். உண்மையைக் காட்டுபவர் உள்ளத்தில் உறையும் ஆசிரியரான கிறித்துவே என்று அவர் முடிக்கிறார்.

‘அறிக்கைகள்’ என்னும் தன்வரலாற்று நூலில் இதே கருத்து வேறுருவம் பெறுகிறது. மோசே தம்முன் நின்று எபிரேயத்தில் பேசினால் ஒலி செவியில் மோதுமேயன்றி மனத்தைத் தொடாது. இலத்தீனில் பேசினால் சொன்னது விளங்கும். ஆனால் அவர் சொல்வது மெய் என்று எவ்வாறு அறிவது? எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் அல்லாத ஓர் உண்மை உள்ளிருந்து அதை உறுதிப்படுத்த வேண்டும் என்கிறார். மொழி புரிதலும் மெய்யென உணர்தலும் இருவேறு செயல்கள் என்று பிரித்துக் காட்டிய இடம் இது. இறைவெளிப்பாடு பற்றிய கிறித்தவச் சிந்தனை முழுவதிலும் இப்பகுப்பு நின்று நிலவுகிறது.

இவ்வாறு எண்ணியவர் பல பெயர்ப்புகள் இருப்பதைக் கண்டு அஞ்சவில்லை. ‘கிறித்தவப் போதனை’ என்னும் நூலில், பல பெயர்ப்புகளை ஒப்பிடுவது கவனமுள்ள வாசகனுக்குத் தடையாவதைவிடத் துணையாவதே மிகுதி என்கிறார். இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்காத எப்பொருளும் இன்னும் விளங்கிக்கொள்ளப்படாத பொருளே என்று ஓர் அளவுகோலையும் அங்கே தருகிறார். பிழையாகப் பொருள்கொண்டும் அன்பை வளர்ப்பவன், வழிதவறி வயலூடே நடந்து சேர வேண்டிய இடத்தையே சேர்ந்தவனைப் போன்றவன். எனினும் அவனுக்கு நேர்வழியைக் காட்டியாக வேண்டும், தவறிய வழியில் நடந்து பழகினால் ஒருநாள் வேறெங்கோ போய்விடுவான் என்று எச்சரிக்கிறார். பிழையைத் திருத்துவதும் பிழைத்தவனை மதிப்பதும் ஒருங்கே அமைந்த கருத்து இது. வகுப்பறையில் நிற்பவர் எவர்க்கும் இது பொருந்தும்.

வழக்கின் முடிவையும் சொல்லவேண்டும். இந்நூலின் நான்காம் பகுதியை அகுஸ்தீன் 426ஆம் ஆண்டையொட்டி எழுதி முடித்தார். அங்கே ஆமோஸ் இறைவாக்கினரின் உரையை எடுத்துக்காட்டும்போது, எழுபதின்மர் வழிப் படியை விடுத்து, எபிரேயத்திலிருந்து ஜெரோம் பெயர்த்த படியையே ஆள்கிறார். அதனைச் சொல்லியும் ஆள்கிறார். ஓயெயாவின் கலகத்தை எடுத்துரைத்தவரே இருபதாண்டுகளுக்கு மேல் கடந்தபின் அப்பெயர்ப்பின் துணையை நாடினார். எழுபதின்மர்மீது அவர் கொண்ட மதிப்பும் குறையவில்லை.

புதியது பழையதாகி நின்றபோது

ஜெரோமின் பெயர்ப்பு காலப்போக்கில் மேற்குலகின் பொதுப்படியாயிற்று. ‘வுல்காத்தா’ என்று அது பெயர்பெற்றது. ஒருகாலத்தில் காதை உறுத்திய சொற்கள் ஆயிரம் ஆண்டுகளில் காதுக்கு இனியனவாயின. அப்போது வந்தவர் எராஸ்முஸ். 1516இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தோடும் தம் இலத்தீன் பெயர்ப்போடும் வெளியிட்ட அவர், 1519இல் வந்த இரண்டாம் பதிப்பில் யோவான் நற்செய்தியின் முதல் வரியில் ஒரு சொல்லை மாற்றினார். கிரேக்கத்தின் ‘லோகோஸ்’ என்பதற்கு வுல்காத்தாவில் ‘வெர்பும்’ என்று இருந்தது. அதனை அவர் ‘செர்மோ’ என்றார்.

‘வெர்பும்’ தனிச்சொல்லைக் குறிக்கும். ‘செர்மோ’ தொடர்ந்து நிகழும் பேச்சை, உரையைக் குறிக்கும். இறைவனின் மகன் இறைவனது ஒற்றைச் சொல் அல்லர், இறைவன் தம்மை முழுமையாக எடுத்துரைக்கும் உரை என்பது எராஸ்முசின் கருத்து. பண்டைத் திருச்சபைத் தந்தையரான தெர்த்தூலியனும் சிப்பிரியானும் ‘செர்மோ’ என்று ஆண்டுள்ளனர் என்று சான்றும் காட்டினார். ஆயினும் மறையுரை மேடைகளில் அவருக்கு எதிராகக் கண்டனம் எழுந்தது. 1520இல் இந்த ஒரு சொல்லுக்காகவே மறுப்புநூல் எழுதவேண்டியதாயிற்று. ஓயெயாவில் ஜெரோமுக்கு எதிராக நின்ற பழக்கம், இப்போது ஜெரோமின் பெயரால் எராஸ்முசுக்கு எதிராக நின்றது. 1546இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் வுல்காத்தாவையே பொது வாசிப்புக்கும் வாதத்துக்கும் உரிய நம்பத்தக்க படி என்று அறிவித்தது.

எராஸ்முஸ் எழுப்பிய கேள்வி இறையியலின் நடுநாடியைத் தொடுவது. வெளிப்பாடு என்பது சொற்களின் தொகுதியா, ஓர் ஆளா? கிறித்தவ நம்பிக்கையில் இறைவனின் வாக்கு மனிதனாகப் பிறந்தது. அவ்வாக்கு நூலாக மட்டும் இறங்கிற்று என்று அந்நம்பிக்கை சொல்வதில்லை. எனவே எந்த மொழியின் எச்சொல்லும் அவ்வாளுக்கு ஈடாகாது. மொழிபெயர்ப்புக்கு இடம் கிடைப்பது இதனால்தான். எந்த மொழிபெயர்ப்பும் முற்றுப்பெறாமல் நிற்பதும் இதனால்தான்.

இறங்கி வரும் மொழி

மனித அறிவின் குறுமைக்கும் இறைவனின் பெருமைக்கும் இடையிலுள்ள தொலைவைச் சிந்தனையாளர் பலர் பலவாறு அளந்தனர். நான்காம் நூற்றாண்டின் கீழைத்திருச்சபைத் தந்தையான பொன்வாய் யோவான் ‘இறங்கிவருதல்’ என்னும் கருத்தைத் தம் மறையுரைகளில் அடிக்கடி ஆண்டார். இறைவனுக்குக் கையும் கண்ணும் சினமும் இருப்பதாகத் திருமறை பேசுவது, கேட்போரின் நிலைக்கு இறைவன் தம் பேச்சைத் தாழ்த்திக்கொண்டமையால் என்பது அவர் விளக்கம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினா இதற்குத் தருக்க வடிவம் தந்தார். அறியப்படுவது, அறிபவன் உள்ளத்தில் அறிபவனது இயல்புக்கேற்பவே இருக்கும் என்பது அவர் கொண்ட விதி. நம்பிக்கையின் பொருளாகிய இறைவன் தம்மளவில் பகுப்பற்றவர். நம்புகின்ற மனிதனோ அவரை எழுவாயும் பயனிலையுமாகப் பகுத்த கூற்றுகள் வழியாகவே அறிய இயலும். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இதன் ஆழம் எளிதில் விளங்கும். வாக்கியம் மனித அறிவின் அளவு, இறைவனின் அளவன்று.

சீர்திருத்தச் சபைகளின் பேராசானாகிய கால்வின், குழந்தையிடம் செவிலி மழலையில் பேசுவதுபோல் இறைவன் மனிதரிடம் பேசுகிறார் என்றார். 1554இல் வெளிவந்த தொடக்கநூல் உரையில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறார். ஞாயிற்றையும் திங்களையும் இரு பெருஞ்சுடர்கள் என்று மோசே எழுதினார். சனிக்கோள் திங்களைவிடப் பெரிது என்று வானியலார் மெய்ப்பிக்கின்றனர். மோசே தவறினாரா? இல்லை, கற்றாரும் கல்லாரும் ஒருங்கே காணும் காட்சியை அவர் எழுதினார், வானியலார் ஆராய்ச்சியால் அறிந்ததை எழுதுகின்றனர் என்பது கால்வினின் விடை. வானியலைப் பழிக்கக் கூடாது என்றும் அவர் அங்கேயே சொல்கிறார்.

1965 நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கம், பொன்வாய் யோவானின் ‘இறங்கிவருதல்’ கருத்தை எடுத்தாள்கிறது. திருமறை ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளை ஆராய வேண்டும் என்றும், வெளிப்பாடு பற்றிய திருச்சபையின் அறிவு காலத்தோடு வளர்கிறது என்றும் அது உரைக்கிறது. ஜெரோமின் மொழியாய்வும் அகுஸ்தீனின் சமூக அக்கறையும் அங்கே ஒரே ஏட்டில் இடம்பெறுகின்றன.

தமிழில் அதே வழக்கு

இவ்வழக்கின் ஒரு கிளை நம் மொழியிலும் படர்ந்தது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கமுள்ள சிறுநூல். அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் இறைவனுக்குத் ‘தம்பிரான்’ என்னும் சொல்லைத் தேர்ந்தார். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியும் அவர் வழியினரும் ‘சர்வேசுரன்’ என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து விவிலியத்தைப் பெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் ‘தேவன்’ என்றது. 1995இன் ‘திருவிவிலியம்’ ‘கடவுள்’ என்கிறது.

இவற்றுள் எதுவும் வெற்றுக்கலமாக இருக்கவில்லை. தம்பிரான் சைவத் திருமடங்களிலும் வழங்கும் சொல். பராபரம் தாயுமானவர் பாடலில் ஒலிப்பது. தேவன் என்றவுடன் தேவர் பலர் என்னும் பன்மையும் உடன் வரும். கடவுள் தொல்காப்பியத்திலேயே இடம்பெற்ற பழஞ்சொல்; ஆண், பெண் ஈறு பெறாதது. ஒவ்வொரு பெயர்ப்பாளரும் ஏற்கெனவே பிறர் வழிபாட்டில் வாழ்ந்த சொல்லை எடுத்துத் தம் பொருளுக்கு இசைவிக்க முயன்றார். ஒவ்வொரு தலைமுறையும் முன்னைய சொல்லில் ஒரு குறையைக் கண்டது. புதிய சொல்லைக் கேட்ட முதியோர் தம் வேண்டுதலின் சொல் பறிபோனதாக வருந்தினர். வேற்றுமொழிச் சொல்லை அப்படியே வைத்திருக்கலாமே எனில், ‘சிலுவை’ அவ்வாறு சிரியாக் மொழிவழி வந்த சொல்தான். ஆனால் கற்பித்துக் கற்பித்தே அச்சொல்லுக்குப் பொருள் ஏற்றவேண்டியிருந்தது. ‘சராபாரே’ பற்றி அகுஸ்தீன் கூறியதற்கு இது நல்ல சான்று.

எராஸ்முஸ் திருத்திய அதே வரியிலும் தமிழில் இரு வழக்குகள் உள்ளன. ஐக்கியத் திருப்புதலில் ‘வார்த்தை’, திருவிவிலியத்தில் ‘வாக்கு’. இரண்டும் வடமொழி வேரின. ‘வார்த்தை’ என்பதற்குச் செய்தி என்னும் பழம்பொருள் உண்டு. பேச்சுவழக்கில் அது தனிச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. ‘வாக்கு’ பேச்சையும் குறிக்கும், கொடுத்த உறுதியையும் குறிக்கும். வாக்குத் தவறாமை என்னும்போது சொல்லும் சொன்னவரும் பிரியாமல் நிற்கின்றனர். அவ்வகையில் அது ‘செர்மோ’வைவிடவும் வளமானது எனலாம். ஆனால் இங்குள்ள இன்றைய மாணவர்க்கு ‘வாக்கு’ என்றவுடன் முதலில் தோன்றுவது தேர்தலாக இருக்கலாம். சொற்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை.

ஜெரோமை வாட்டிய செடியோ தமிழில் எச்சிக்கலையும் எழுப்பவில்லை. பரவலாக வழங்கும் பழைய தமிழ்ப் பெயர்ப்பில் யோனாவுக்கு நிழல் தந்தது ஆமணக்குச் செடி. தமிழ் மண்ணில் ஆமணக்கு முளைக்கிறது; ஆகவே தமிழில் அதற்குப் பெயர் இருக்கிறது. இதனால் இலத்தீன் தாழ்ந்ததும் அன்று, தமிழ் உயர்ந்ததும் அன்று. செடிக்குப் பெயர் தந்த அதே தமிழ், இறைவனுக்குப் பெயர் தரும்போது நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறது. காணும் பொருளுக்குரிய சொல் மண்ணிலிருந்து கிடைக்கும். காணாத பொருளுக்குரிய சொல்லை ஒவ்வொரு தலைமுறையும் தன் அறிவைக் கொண்டு தேடியாக வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் கொள்ளத்தக்கது

வெளிப்பாட்டை நம்புவோர் அறிவாராய்ச்சியை அஞ்சுவர் என்று பலர் எண்ணுகின்றனர். நாம் கண்ட வரலாறு அதற்கு மாறானது. மறைநூல் இறைவனிடமிருந்து வந்தது என்று முழுமையாக நம்பியதனாலேயே ஜெரோம் ஒரு செடியின் இலையையும் தண்டையும் ஆராய்ந்தார். அம்மறை மக்கள் அனைவர்க்கும் உரியது என்று நம்பியதனாலேயே அகுஸ்தீன் கல்லாத மக்களின் காதுக்காக வாதாடினார். ஆராய்ச்சியைக் கைவிட்ட நம்பிக்கை, பழகிய பிழையைப் புனிதம் என்று கருதிவிடும். மக்களைக் கைவிட்ட ஆராய்ச்சி, சரியான சொல்லை வைத்தும் கேட்பாரற்றுப் போகும். இரண்டையும் கிறித்தவ உலகம் பட்டறிந்தது.

இது சமயநூலுக்கு மட்டும் உரிய பாடமன்று. திருக்குறளுக்கு உரை காணும்போதும், சங்கப் பாடலில் ஒரு பாடவேறுபாட்டைக் காணும்போதும் இதே வழக்கு நம் வகுப்பறைக்குள் வருகிறது. எந்த உரை சரி என்று மாணவர் கேட்பர். ஒன்றைச் சரி என்று கூறி மற்றதை மறைப்பது எளிது. எல்லாம் சரியே என்று கைகழுவுவது அதனினும் எளிது. இரண்டு உரைகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொருவரும் எதைக் காக்க அவ்வாறு எழுதினார் என்று கேட்கப் பழக்குவது கடினம். அக்கேள்விக்கு விடைதேடும் மாணவர் மூலத்தையும் மதிப்பார். அதனைத் தமக்கு முன் படித்தவர்களையும் மதிப்பார். கேள்வி வகுப்பறையில் எழும்வரை காத்திராமல் ஆசிரியர்கள் தாமே அதனைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.